கணுக்கால் சுளுக்கு: பன்னிரண்டு வாரம் நான் செய்ததும் செய்யாததும்

வெள்ளியங்கிரி ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. இறங்கும்போது, ஏழு மலையும் தாண்டி வந்து அடிவாரத்துக் கல்படிகளில்தான் அசந்துபோன வலது கால் உள்பக்கமாக மடங்கியது. ‘சடக்’ என்ற சத்தம் எனக்கே கேட்டது. கையிலிருந்த மூங்கில் தடிதான் காப்பாற்றியது. ஒவ்வொரு படிக்கும் முதலில் தடி, அடுத்து அடிபட்ட கால், கடைசியில் நல்ல கால் என்று பூண்டி வந்து சேர்ந்தேன்.

வீட்டில் அம்மா நல்லெண்ணெயைச் சுடவைத்துக்கொண்டு வந்துவிட்டார். “நல்லா நீவி விட்டா ரெண்டு நாள்ல சரியாயிரும் கண்ணு.” முதல் இரண்டு மூன்று நாளில் சூடும் அழுத்தி நீவுவதும் வீக்கத்தைக் கூட்டிவிடும் என்று சொல்லி, துண்டில் சுற்றிய ஐஸ், க்ரேப் பேண்டேஜ், காலுக்கடியில் இரண்டு தலையணை என்று படுத்துக்கொண்டேன். அம்மாவுக்கு மனசு ஆறவில்லை.

மறுநாள் டாக்டர் கணுக்கால் மொட்டின் பின்விளிம்பை இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தார். பாதத்தின் வெளியோர எலும்பையும் அழுத்தினார். பிறகு நாலு அடி நடக்கச் சொன்னார். கனடாவின் ஒட்டாவாவில் 1992இல் வகுத்த சோதனை இது. எக்ஸ்ரே தேவையா என்று இதை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். எனக்கு மொட்டின் மேலேயே வலித்ததால் எக்ஸ்ரே எடுத்தார்கள். முறிவு இல்லை. வெளிப்பக்க ஜவ்வு கொஞ்சம் கிழிந்திருக்கிறது, இரண்டாவது கிரேடு என்றார். சுளுக்குதானே என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். எலும்பின் மேல் வலித்தாலோ, நாலு அடி வைக்க முடியாவிட்டாலோ, பாதம் மரத்துப்போனாலோ காட்டிவிடுங்கள்.

ஐந்தாம் நாள் பிசியோ தொடங்கியது. கட்டிலில் உட்கார்ந்து கட்டை விரலால் காற்றில் ஏ, பி, சி, டி எழுதச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட். நான் தமிழ் எழுதினேன். ‘ட’, ‘ப’ எல்லாம் சுலபம். ‘ஐ’யும் ‘ழ’வும் கணுக்காலை எல்லாப் பக்கமும் சுழற்றிவிடும், ‘ழ’வின் கீழ்ச்சுழிக்கு வரும்போது வெளிப்பக்கம் சுருக்கென்று இழுக்கும். அந்த இழுப்பு வரைதான் போகலாம், அதைத் தாண்டக் கூடாது. ஒரு வாரத்தில் சுழி முழுதாக வந்தது. பிறகு தரையில் விரித்த துண்டை விரல்களால் சுருட்டுவது, ரப்பர் பேண்டை மாட்டிப் பாதத்தை வெளிப்பக்கம் தள்ளுவது.

மற்ற உடம்பைச் சும்மா விடவில்லை. உட்கார்ந்தபடி டம்பெல், படுத்தபடி கால் தூக்குதல், மூன்றாம் வாரத்திலிருந்து நிலைசைக்கிள். ஓட்டம், ஸ்கிப்பிங், குதிப்பது எதுவும் கிடையாது.

நாலாம் வாரம் நடந்தால் வலியே இல்லை. அந்தத் தைரியத்தில் கோவை ரேஸ்கோர்ஸ் பாதையில் ஒரு முழுச் சுற்று வேகநடை போனேன். அன்று இரவுகூட நன்றாகத்தான் இருந்தது. காலையில் எழுந்தால் மொட்டு தெரியாத அளவுக்கு வீக்கம், முதல் அடி வைக்கவே முடியவில்லை. பிசியோ திட்டவில்லை. “செய்யும்போது வலிச்சுதான்னு மட்டும் பாக்காதீங்க சார். அடுத்த நாள் காலைல கால் என்ன சொல்லுதுன்னு பாருங்க” என்றார். அதிலிருந்து தினமும் காலையில் தரையில் கால் வைத்ததும் இரண்டு கணுக்காலையும் ஒப்பிட்டுப் பார்ப்பேன். வீக்கமோ விறைப்போ கூடியிருந்தால் அன்று பாதி அளவு பயிற்சி. இல்லையென்றால் நேற்றைய அளவே. ஒரு வாரம் நிம்மதியாகப் போனால்தான் கொஞ்சம் கூட்டுவேன். பன்னிரண்டு வாரத்தில் எனக்கு அதிகம் உதவியது இந்தப் பழக்கம்தான்.

இன்னொன்றைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பாதம் எந்தச் சாய்வில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகள் ஜவ்வுக்குள்ளும் இருக்கின்றன. ஜவ்வு கிழியும்போது அந்தச் சேதியும் மங்கிவிடுகிறது. வலி போன பிறகும் அதே கால் திரும்பத் திரும்ப மடங்குவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். ஒற்றைக்காலில் நின்று கண்ணை மூடிப் பார்த்தேன். இடது காலில் 25 எண்ணினேன். வலது காலில் நாலு எண்ணுவதற்குள் சுவரைப் பிடித்துவிட்டேன். பயமாகிவிட்டது. அன்றிலிருந்து பல் தேய்க்கும்போதெல்லாம் வாஷ்பேசினைப் பிடிக்கும் தூரத்தில் வலது காலில் நிற்கிறேன். முதலில் கண் திறந்து, பிறகு மூடி, பிறகு மடித்த போர்வையின் மேல்.

ஒற்றைக்காலில் குதிகாலைத் தூக்குவது இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை வந்த பிறகுதான் ஓட விட்டார்கள். முதலில் கணுக்காலைத் தாங்கிப் பிடிக்கும் பிரேஸ் மாட்டி நேர்க்கோட்டில் ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை. அதற்கப்புறம் எட்டு போட்டு ஓடுவது. குதிப்பது கடைசியில்.

இன்று காலை வலது காலில் கண்ணை மூடி 21 வரை எண்ணினேன். 25 ஆனதும் மருதமலைப் படிகளில் மெதுவாக ஏறி இறங்கிப் பார்க்கப் போகிறேன். அந்த மூங்கில் தடி கதவுக்குப் பின்னால் அப்படியே இருக்கிறது.