தாமஸ் மன்றோவின் பணி வாழ்க்கை வழியே நிலவரி வரலாற்றைப் படித்தல்: ஓர் அனுபவ வழிகாட்டல்

போட்டித் தேர்வுக்கு நவீன இந்திய வரலாறு படிப்பவர்கள் பெரும்பாலும் சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோவை ஓர் அட்டவணையின் ஒற்றை வரியாகவே சந்திக்கிறார்கள். 1793, காரன்வாலிஸ், நிலையான நிலவரித் திட்டம் (ஜமீன்தார்களுடன் மாறாத வரி ஒப்பந்தம்); 1820, மன்றோ, ரயத்துவாரி முறை (உழவரிடமே நேரடி வரி); 1822, ஹோல்ட் மெக்கன்சி, மகல்வாரி முறை (ஊர் வாரியாக வரி). கொள்குறி வினாவுக்கு இது போதும். ஆனால், ரயத்துவாரி முறை உழவரின் நிலையை மேம்படுத்தியதா என்று முதன்மைத் தேர்வில் கேட்டால், இந்த ஒரு வரியைக் கொண்டு ஒரு பத்தியைக்கூட நிறைக்க முடியாது. எனக்குக் கைகொடுத்த வழி, மன்றோவின் பணி வாழ்க்கையைத் தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே தொடராகப் படித்ததுதான். தென்னிந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி உருவான கதையின் பெரும்பகுதி அந்த ஒரு வாழ்க்கைக்குள் அடங்கிவிடுகிறது.

1761-இல் கிளாஸ்கோவில் பிறந்த மன்றோ, 1780-இல் கம்பெனிப் படையில் சேர்ந்து சென்னைக்கு வந்தார். ஹைதர் அலிக்கு எதிரான போரில் பணியாற்றினார். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த பாராமகால், அதாவது இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி, கேப்டன் அலெக்சாண்டர் ரீடின் பொறுப்பில் வந்தபோது, அவருடைய உதவியாளர்களுள் ஒருவராக மன்றோ அமர்த்தப்பட்டார். படை அலுவலர்களை வரித்தண்டல் பணிக்கு அமர்த்தியவர் தலைமை ஆளுநர் காரன்வாலிஸ். அவரே மறு ஆண்டில் வங்காளத்தில் ஜமீன்தார்களுடன் நிலையான ஒப்பந்தம் செய்தவர். இரு முறைகளின் வேர்களும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஊன்றப்பட்டன என்பதை அட்டவணை ஒருபோதும் காட்டாது. உழவரோடு நேரடியாக வரி பேசும் முறை பாராமகாலில் ரீடின் கீழ் உருப்பெற்றது என்பதால், விடையில் மன்றோவின் பெயரோடு ரீடின் பெயரையும் தவறாமல் எழுதுங்கள்.

1799-இல் திப்பு வீழ்ந்த பின் மன்றோ மேற்குக் கடற்கரையில் உள்ள கனராவுக்கு அனுப்பப்பட்டார். 1800 முதல் 1807 வரை, கம்பெனிப் படையைத் தம் செலவில் வைத்துக்கொள்ளும் துணைப்படைத் திட்டத்தின்கீழ் ஹைதராபாத் நிஜாம் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த பெல்லாரி, கடப்பை உள்ளிட்ட மாவட்டங்களை ஆண்டார். மிகுந்த நேரம் செலவிட வேண்டிய பகுதி இதுவே. பாளையக்காரர்களை ஒடுக்கியது, வயல் வயலாக நிலத்தை அளந்தது, மண்ணின் தரம் பார்த்து வரி விதித்தது ஆகிய மூன்றும் இங்கே ஒன்றாக நிகழ்ந்தன. தென் பாளையங்களில் 1799-இல் கட்டபொம்மனும் 1801-இல் மருது சகோதரர்களும் வீழ்த்தப்பட்டதை ஒட்டிய ஆண்டுகள் இவை. எனவே பாளையக்காரர் பாடத்தையும் நிலவரிப் பாடத்தையும் அடுத்தடுத்துப் படித்தால் இரண்டும் ஒன்றையொன்று விளக்கும்: வரி வாங்கும் இடைநிலை அதிகாரம் அகற்றப்பட்ட இடத்தில்தான் ஆட்சியர் நேரடியாக உழவரை அடைந்தார். 1807-இல் பணியிலிருந்து விடைபெறும் வேளையில், இந்த வரி நிலைக்க வேண்டுமானால் கால் பங்கு குறைக்கப்பட வேண்டும் என்று மன்றோ பரிந்துரைத்தார். அது அப்போது ஏற்கப்படவில்லை.

அதற்குள் சென்னை மாகாணத்திலும் 1802-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டப்படி நிலையான நிலவரித் திட்டம் நுழைந்துவிட்டது; சேலம் பகுதி மிட்டாக்கள் எனும் சிறு ஜமீன்களாகப் பிரித்து விற்கப்பட்டது. பிற இடங்களில், ஊர் முழுவதன் வரியையும் குத்தகைக்கு விடும் கிராமக் குத்தகை முறை வந்தது. 1792-க்கும் 1820-க்கும் நடுவில் உள்ள இந்த முறிவைச் சுட்டுவது விடைக்கு உடனே எடை சேர்க்கும். 1807-க்குப் பின் பிரிட்டனில் இருந்த ஆண்டுகளில், கம்பெனி ஆட்சி பற்றிய நாடாளுமன்றக் குழுவின் 1812-இன் ஐந்தாம் அறிக்கையும் 1813-இன் பட்டயச் சட்டமும் வெளிவந்த சூழலில், நாடாளுமன்றத்தில் சாட்சியம் அளித்தும் இயக்குநர் குழுவுக்கு எடுத்துரைத்தும் மன்றோ தம் கருத்துக்கு ஆதரவு திரட்டினார். 1814-இல் நீதிச் சீர்திருத்த ஆணையத்தின் தலைவராகத் திரும்பினார். 1816-இன் சட்டங்களால் கிராம முன்சீப்புகளுக்கும் (ஊர் அளவிலான நீதி அலுவலர்கள்) பஞ்சாயத்துகளுக்கும் நீதி அதிகாரம் கிடைத்தது. காவலும் குற்றவியல் நடுவர் பொறுப்பும் ஆட்சியரிடம் சேர்ந்தன. இன்றைய மாவட்ட ஆட்சியர் பதவியைப் பற்றிய வினாவுக்கும் இப்பகுதி உதவும்.

1820-இல் ஆளுநரான பின்பே, ஜமீன் நிலங்கள் நீங்கலாக, மாகாணம் முழுவதற்குமான பொது முறையாக ரயத்துவாரி நிலைபெற்றது. 1822-இல் அவர் தொடங்கிய உள்நாட்டுப் பள்ளிகள் பற்றிய விசாரணையைக் கல்வி வரலாற்றுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். 1824 டிசம்பர் 31 தேதியிட்ட, நாட்டின் நிலையும் மக்களின் நிலையும் பற்றிய அவருடைய நீண்ட குறிப்பை முழுமையாகப் படியுங்கள். இந்தியர்களுக்கு உயர் பதவிகள் மறுக்கப்படுவதை ஓர் ஆளுநரே கண்டிப்பதை மேற்கோளாகக் காட்டலாம். 1827-இல் பத்திகொண்டாவில் காலராவால் இறந்தார்.

மதிப்பீட்டுப் பகுதியில் புகழ்ச்சியோடு நின்றுவிடாதீர்கள். நிலத்தை வைத்திருக்கவும் கைவிடவும் உழவருக்கு உரிமை உண்டு என்பது கொள்கை. வரிச்சுமை கடுமையாகவே இருந்தது என்பது நடைமுறை. இந்த இடைவெளியைக் காட்ட, வரித்தண்டலில் சித்திரவதை நடந்ததை உறுதிசெய்த சென்னை மாகாண ஆணையத்தின் 1855-ஆம் ஆண்டு அறிக்கையை விட வலுவான சான்று இல்லை. மிராசு உரிமைக்காக, அதாவது ஊர் நிலத்தில் சில குடும்பங்களுக்கு இருந்த பரம்பரைப் பங்குரிமைக்காக, வாதிட்ட சென்னை ஆட்சியர் எல்லிஸின் நிலைப்பாட்டை எதிர்த்தரப்பாக வையுங்கள். தமிழ்நாட்டு ஊர்களில் எல்லா உழவரும் ஒரே நிலையில் இல்லை என்பது அப்போது தெளிவாகும். எழுதிப் பழகும்போது வாழ்க்கை வரலாற்றுக்கு விடையின் பாதிக்கு மேல் இடம் கொடுக்காமல், மீதியை இந்த வாதத்துக்கு ஒதுக்குங்கள்.