மஞ்சள் குடோனில் கேமரா: ஒரு நாட்குறிப்பு

ஜூன் 9, 2025, திங்கள்

வடக்கே போன லோடில் 3 மூட்டை குறைகிறது என்று வாங்கினவர் போன் செய்தார். ஈரோட்டு மஞ்சள் வியாபாரத்தில் இது புதிதில்லை. கேமராப் படத்தைப் பதிவு செய்யும் பழைய டிவிஆர் பெட்டியைத் திறந்து பார்த்தோம். டிவியில் படம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் கடைசியாகப் பதிவானது போன வருஷம் தீபாவளிக்கு முன்னால். உள்ளே ஹார்ட் டிஸ்க் செத்துப் பல மாதம் ஆகியிருக்கிறது. மாட்டிக் கொடுத்தவர்கள் வருஷா வருஷம் பராமரிப்புப் பணம் மட்டும் வாங்கிப் போயிருக்கிறார்கள்.

பதிவு இல்லை என்றதும் எல்லார் கண்ணும் லோடுமேன்கள் பக்கம் திரும்பியது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மேஸ்திரி அண்ணன் ஒன்றுதான் சொன்னார்: “எண்ணிக்கை சொல்லித்தான் ஏத்துனோம் பாப்பா. இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்றதுங்க?”

கேமரா வேலையை நானே எடுத்துக்கொள்கிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். பூட்டிய பெட்டி எதுவும் வேண்டாம். கம்ப்யூட்டரில் பதிவு செய்தால் டிஸ்க் எப்படி இருக்கிறது, எத்தனை நாள் மிச்சம் என்பதெல்லாம் நம் கண்ணுக்குத் தெரியும். ஏதாவது பழுதானாலும் அந்த ஒரு பாகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ஜூன் 11, புதன்

சாக்பீஸோடு குடோனைச் சுற்றி வந்தேன். கேமரா எங்கே மாட்டுவது என்று யோசிக்கும் முன், நாளைக்கு எந்த இடத்தில் என்ன கேள்வி வரும் என்று எழுதிக்கொண்டேன். கேட்டில்: எந்த வண்டி, என்ன நம்பர்? எடைமேடையில்: என்ன எடை காட்டியது? லோடு ஏற்றும் இரண்டு வாசலிலும்: எத்தனை மூட்டை போனது? ஆபீஸில்: யார் கையிலிருந்து யார் கைக்குப் பணம் போனது? உள்ளே மூட்டை அடுக்குகளுக்கு நடுவில் ஒன்று. ஆக 6 கேமரா.

“மொத்த இடமும் தெரியணும்” என்று அகல லென்ஸாக வாங்கி மாட்டுவதில்தான் பெரும்பாலான கடைகளில் காசு வீணாகிறது. இதற்கு ஒரு கணக்கு உண்டு. கண்காணிப்புக் கேமராக்களுக்கான ஐஇசி 62676-4 என்ற சர்வதேசத் தரக் குறிப்பின்படி, முன்பின் தெரியாத ஆளை அடையாளம் காண ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும். தெரிந்த ஆள்தானா என்று சொல்ல 125 போதும். 4 மெகாபிக்சல் கேமராவின் படம் 2560 பிக்சல் அகலம். அப்படியானால் சுமார் 10 மீட்டர் அகலத்துக்கு மேல் காட்சி விரிந்துவிட்டால் புது முகம் தெரியாது. 2.8 மி.மீ. லென்ஸில் அந்த எல்லை 4 மீட்டர் தூரத்திலேயே வந்துவிடும். 6 மி.மீ. லென்ஸ் என்றால் 11 மீட்டர் வரை தாங்கும். கேட்டுக்கும் எடைமேடைக்கும் 6 மி.மீ. என்று முடிவு.

ஏற்றும் வாசலில் தரையில் ஒரு வெள்ளைக் கோடு அடிக்கச் சொன்னேன். தலையில் மூட்டையோடு போகிறவர் ஒவ்வொருவரும் அந்தக் கோட்டைத் தாண்டித்தான் லாரிக்குப் போக வேண்டும். பிறகு வீடியோவை வேகமாக ஓட்டி எண்ணினாலும் கணக்கு தப்பாது.

ஜூன் 14, சனி

சாமான் வாங்கினேன். ஒரு கம்பெனி கழித்துவிட்ட ஐ5 கம்ப்யூட்டர், 8ஆம் தலைமுறை. கேமரா சுருக்கி அனுப்பும் வீடியோவை விரித்துப் படிக்கும் வசதி இன்டெல் சிப்பிலேயே இருப்பதால் தனியாக கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை.

டிஸ்க் கணக்கை மட்டும் விரிவாக எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும். ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் அனுப்பினால் நாளைக்கு 43 ஜிபி. அதிக அசைவு இல்லாத இரண்டு கேமராவுக்கு 2 மெகாபிட் போதும், அவை ஒவ்வொன்றும் 21.6 ஜிபி. மொத்தம் நாளைக்கு 216 ஜிபி. 8 டிபி டிஸ்க் போட்டால் 37 நாள், கொஞ்சம் காலி விட்டாலும் ஒரு மாதத்துக்குக் குறையாது. நம் லோடு போய்ச் சேர்ந்து, இறக்கி, எடை போட்டு, தகராறு வருவதற்கே 2, 3 வாரம் ஆகும். ஒரு வாரப் பதிவு நமக்கு எதற்கும் பயன்படாது. டிஸ்க் கேமராப் பதிவுக்கென்றே வரும் வகையாக இருக்க வேண்டும். சாதாரண டிஸ்க் ராத்திரி பகலாக எழுதிக்கொண்டே இருக்கச் செய்யப்பட்டதில்லை.

கேமராவில் ஒரு விஷயம். 2025 ஏப்ரல் 9 முதல் புதிய கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேறியிருக்க வேண்டும் என்பது மத்திய அரசு விதி. விலை குறைத்துத் தருகிறேன் என்ற பழைய சரக்கை வேண்டாம் என்றுவிட்டு, சான்று இருக்கும் மாடலையே கேட்டு வாங்கினேன்.

ஜூன் 20, வெள்ளி

பழைய கேமராக்களைக் கழற்றினோம். குடோனுக்குள் இருந்த ஒன்றின் கனெக்டரைப் பிடுங்கினால் பின் முழுக்கக் கறுத்து, ஓரத்தில் பச்சை பூத்து, நகத்தால் சுரண்டினால் உதிர்கிறது. ஆபீஸ் அறையில் அதே நாளில் மாட்டிய கேமராவின் பின் பளபளவென்று இருக்கிறது. ஈரம் காரணமில்லை, மருந்து வைப்பதுதான் காரணம்.

மஞ்சளில் வண்டு விழாமலிருக்க அடுக்கைக் காற்றுப் புகாத பாய் போட்டு மூடி, உரிமம் உள்ள ஆட்களை வைத்து அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைப்போம். காற்றிலுள்ள ஈரம் பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் வாயு வரும். வண்டைக் கொல்லும் அந்த வாயு செம்பையும் அரிக்கும். தானியம், பருப்பு, மிளகாய் குடோன் வைத்திருக்கிறவர்கள் இதைக் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும். மாட்ட வருகிறவர்களிடம் மருந்து வைப்பதை நாம் சொன்னால்தான் உண்டு.

அதனால் திட்டத்தை மாற்றினேன். வாசல் கேமராக்கள் வெளியே சன்ஷேடுக்குக் கீழே, உள்ளே பார்த்தபடி. உள்ளே இருந்தே தீர வேண்டிய ஒரே கேமராவுக்குச் சுவரில் ஓட்டை போட்டு, அதன் வால் வயரை வெளியே இழுத்து, இணைப்பை வெளியில் பெட்டிக்குள் வைத்து சிலிக்கான் அடைத்தோம். 9 அங்குலச் சுவர், வயர் வெளியே வந்தது இரண்டு விரல் நீளம். ஆனாலும் போதும். கேமரா கேபிள்கள் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்ச், கம்ப்யூட்டர் எல்லாம் மாடி ஆபீஸில். மருந்து வைக்கும் நாட்களில் உள்ளே இருப்பதையும் கழற்றிவிடுவோம்.

ஜூன் 22, ஞாயிறு

லோடு இல்லாத நாள் என்பதால் கேபிள் இழுத்தோம். எலக்ட்ரீஷியன் கொண்டு வந்த முதல் சுருளில் ஒரு இழையைக் கத்தியால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு. ஒரே கேபிளில் கரண்டும் படமும் போகும் முறைக்கு அது ஆகாது, தூரம் போகப் போகச் சூடாகி வோல்டேஜ் விழும். திருப்பி அனுப்பிவிட்டு முழுச் செம்பு நெட்வொர்க் கேபிள் (Cat 6) வாங்கி வரச் சொன்னேன்.

கேட் வரை 130 மீட்டர். இந்தக் கேபிள் 100 மீட்டருக்கு மேல் கணக்கில் இல்லை. அங்கே மட்டும் ஃபைபர், அதாவது கண்ணாடி இழைக் கேபிள் இழுத்தோம். கோடை இடியில் திறந்த வெளியிலிருந்து செம்பு வழியாக ஆபீஸுக்குள் மின்னல் பாய்ந்து எல்லாவற்றையும் எரித்துவிடும் பயமும் இதனால் குறைகிறது.

ஜூன் 28, சனி

கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதில் டெபியன் லினக்ஸ், அதன் மேல் கேமராப் பதிவுக்கு ஃப்ரிகேட். இலவசம், யாரும் திறந்து பார்க்கக்கூடிய மென்பொருள். ஒவ்வொரு கேமராவும் பெரியது, சின்னது என்று இரண்டு படம் அனுப்பும். ஃப்ரிகேட் சின்னதில் ஆள், லாரி தேடும். பெரியதை வந்தபடியே டிஸ்கில் எழுதும். அதனால் இந்தப் பழைய மெஷினே திணறாமல் ஓடுகிறது. மூட்டை என்று அதற்குத் தெரியாது, எண்ணுவது நம் வேலைதான்.

கம்ப்யூட்டரில் இரண்டாவது நெட்வொர்க் கார்டு போட்டு, கேமராக்களை அந்தப் பக்கம் தனியாக வைத்துவிட்டேன். இன்டர்நெட்டுக்கு அவற்றுக்கு வழியே கிடையாது. 2016இல் மிராய் என்ற வைரஸ் உலகம் முழுக்க லட்சக்கணக்கான கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்தது, கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாததால்தான். அப்பா வெளியூரிலிருந்து பார்க்க விபிஎன் என்ற பூட்டிய தனி வழி ஒன்று போதும். கேமராக்களுக்கு நேரத்தையும் இந்தக் கம்ப்யூட்டரே சொல்கிறது. நேரம் தப்பினால் பதிவு இருந்தும் பிரயோஜனமில்லை.

தினமும் காலை 8 மணிக்கு, ஒவ்வொரு கேமராவும் கடைசியாக எப்போது பதிவானது, டிஸ்க் நிலைமை என்ன என்று அப்பா போனுக்கும் என் போனுக்கும் செய்தி வரும்படி சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். இந்த மொத்த வேலையிலும் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

ஜூலை 2, புதன்

ராத்திரி வண்டி நம்பர் படிக்க முடியவில்லை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் இருக்கும் நம்பர் பிளேட் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், கேமராவின் இன்ஃப்ராரெட் பட்டதும் வெள்ளைப் பட்டையாகிவிடுகிறது. ஷட்டரை நொடியில் 500இல் ஒரு பங்காக்கினேன். சுற்றிலும் இருட்டு, நம்பர் மட்டும் தெளிவு. அந்த கேமராவின் கேள்வி நம்பர்தான், வேறெதுவும் தெரிய வேண்டியதில்லை.

குடோனுக்குள் நேர்மாறு. மூட்டை போட்டதும் எழும் மஞ்சள் தூசியில் இன்ஃப்ராரெட் பட்டு பனி பெய்வதுபோல் ஆகிறது. அதை அணைத்துவிட்டு ஒரு டியூப்லைட்டை எரிய விட்டேன்.

ஜூலை 5, சனி

மேஸ்திரி அண்ணன் டீ டம்ளரோடு வந்து நின்றார். “ஏன் கண்ணு, நாங்க ஒக்காந்து சோறு திங்கறது, படுக்கறது எல்லாம் இதுல வருங்களா?”

“வராதுங்கண்ணா, வந்து பாருங்க” என்று மாடிக்குக் கூட்டிப்போய் 6 படத்தையும் காட்டினேன். வேப்ப மரத்தடித் திண்ணை எதிலும் இல்லை. இரண்டாம் வாசல் கேமராவின் மூலையில் குழாயடி கொஞ்சம் விழுந்தது. அங்கேதான் வேலை முடிந்து குளிப்பார்கள். அந்த மூலையை அவர் முன்னாலேயே கறுப்புக் கட்டம் போட்டு மறைத்தேன். எல்லாக் கேமராவிலும் மைக்கையும் அணைத்துவிட்டேன். மூட்டைக் கணக்குக்குப் பேச்சு எதற்கு?

கூலிக்கு வருகிறவர்களை நாள் முழுக்க உற்றுப் பார்ப்பதற்கு இதைப் பயன்படுத்தக்கூடாது என்று அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். எண்ணிக்கையில் சந்தேகம் வந்தால் அவர்களும் பார்க்கலாம், கேட்கலாம். அப்பா முதலில் யோசித்தார், அப்புறம் சரி என்றார்.

ஜூலை 19, சனி

ஆடிக் காற்று. சன்ஷேடு கேமரா ஒன்று ஆடியதில் படம் முழுக்க அசைவு. பிராக்கெட்டை மாற்றினோம். மாதாந்திர மின்தடையும் இதே வாரம் வந்தது. எல்லாம் சேர்த்து 90 வாட் அளவுதான், ஒரு பகலை இன்வெர்ட்டர் தாங்கிவிட்டது. இன்வெர்ட்டரை யுபிஎஸ் முறையில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கரண்ட் மாறும் நொடியில் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். அப்படியே அணைந்தாலும் கரண்ட் வந்ததும் தானாக எழும்படி கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்பான பயாஸில் மாற்றியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 6, புதன்

மறுபடி ஒரு போன். 240 மூட்டை பில், 238தான் வந்தது என்று. அப்பா, கணக்குப்பிள்ளை, மேஸ்திரி அண்ணன் மூவரும் சேர்ந்து உட்கார்ந்து ஏற்றிய இரண்டு மணி நேரத்தையும் வேகமாக ஓட்டிப் பார்த்தார்கள். கோட்டைத் தாண்டியது 238. நடுவில் இரண்டு மூட்டை கிழிந்து விரலி மஞ்சள் சிந்துகிறது, ஓரமாக இறக்கிவைத்து கோணி ஊசி எடுக்க ஒருவர் ஓடுகிறார். தைத்து முடிப்பதற்குள் லாரி தார்ப்பாய் கட்டிவிட்டது. பில் மட்டும் முதலிலேயே 240க்குப் போட்டாகிவிட்டது.

அப்பா உடனே அந்த இரண்டு மூட்டைக்குப் பணத்தைக் கழித்துக்கொடுத்தார். ஜூன் மாத லோடுக்கு லோடுமேன்கள் கூலியில் பிடித்து வைத்திருந்ததையும் கொடுத்துவிட்டார். பதிவே இல்லாமல் பிடித்தது தப்பு என்று அவரே சொன்னார்.

அந்த வீடியோத் துண்டைத் தனியாக எடுத்து, அதன் ஷா-256 ஹாஷையும் எழுதி வைத்தேன். ஃபைலில் ஒரு எழுத்து மாறினாலும் மாறிவிடும் கைரேகை மாதிரியான எண் அது. இந்தத் தடவை வழக்குக்குப் போகாது. ஆனால் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63இன்படி இப்படிப்பட்ட பதிவைக் கோர்ட்டில் கொடுக்கும்போது சான்றிதழும் ஹாஷும் வேண்டும். இப்போதே பழகிக்கொள்வது நல்லது.

கிழிந்த மூட்டை வைக்கும் இடம் இப்போது படத்தின் ஓரத்தில் பாதிதான் விழுகிறது. நாளைக்கு லோடு வருவதற்குள் அந்தக் கேமராவைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்ப வேண்டும். தைக்க வைத்த மூட்டைகளைச் சிலேட்டில் எழுதிவிட்டுத்தான் பில் போடுவது என்று கணக்குப்பிள்ளையும் ஒப்புக்கொண்டிருக்கிறார்.