பதினைந்தாவது இரவு

2008 ஜூன் தொடக்கம். மூன்று இரவு டியூட்டி தொடர்ந்து பார்த்துவிட்டுப் பகல் முழுக்கத் தூங்கி எழுந்து, லண்டன் ஏஞ்சல் ரயில் நிலையத்தின் அந்த நீளமான எஸ்கலேட்டரில் மேலே வந்தேன். வாசலில் எங்கள் வார்டு சிஸ்டர் நின்றிருந்தார். யூனிஃபார்ம் இல்லாமல் அவரை நான் பார்த்ததே அன்றைக்குத்தான். கழுத்தில் ஒரு அடையாள அட்டை தொங்கியது. கிட்டே போன பிறகுதான் தெரிந்தது, அது கச்சேரிக்கான சீட்டு. "தங்கச் சீட்டு" என்றார். இருபத்தொரு இரவுக்கும் சேர்த்து ஒரே சீட்டு.

நாகர்கோவிலிலிருந்து லண்டனுக்கு வந்து அப்போது எனக்கு ஒன்றரை வருஷம். அவர் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்வார். எனக்கு வாய் வரவில்லை. ஊரில் சீனியர் நர்ஸை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டுப் பழக்கம். இங்கே வார்டு பொறுப்பாளருக்குப் பதவிப் பெயரே சிஸ்டர்தான் என்பதால் அப்படியே நின்றுவிட்டது. இன்று வரைக்கும் அவர் எனக்கு சிஸ்டர்தான்.

கச்சேரி ஸ்பார்க்ஸ் என்ற இசைக்குழுவுடையது. அந்தப் பெயரை நான் முதலில் கேட்டது அவர் வாயால். ரான், ரஸல் என்று லாஸ் ஏஞ்சலிஸ்காரர்கள் இரண்டு பேர், குடும்பப் பெயர் 'மேல்'. அண்ணன் தம்பி. அண்ணன் ரான் 1945-இல் பிறந்தவர், தம்பி ரஸல் 1948. பாட்டு எழுதுவது பெரும்பாலும் அண்ணன், பாடுவது தம்பி. 1971-இல் முதல் ஆல்பம் ஹாஃப்நெல்சன் என்ற பெயரில் வந்தது. யாரும் வாங்கவில்லை. பெயரை மாற்றினார்கள். ஊரில் எடுபடாமல் 1973-இல் லண்டனுக்கு வந்தார்கள். அடுத்த வருஷமே மூன்றாவது ஆல்பத்தின் முதல் பாட்டு பிரிட்டிஷ் தரவரிசையில் இரண்டாம் இடத்துக்குப் போனது. முதலிடத்தில் ரூபெட்ஸ் குழு உட்கார்ந்துகொண்டு இறங்கவில்லை. சிஸ்டர் இதைச் சொல்லும்போது, முப்பத்துநாலு வருஷம் கழிந்த பிறகும், உதட்டைக் கடித்துக்கொள்வார்.

1974-இல் சிஸ்டருக்குப் பதின்மூன்று வயது. பிபிசியின் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' நிகழ்ச்சியில் அந்தப் பாட்டு. ரஸல் சுருட்டை முடியோடு துள்ளுகிறார். குரல் உச்சிக்குப் போய், போன இடத்திலேயே நிற்கிறது. ரான் அந்தப் பாட்டை எந்த ஸ்ருதியில் எழுதினாரோ அதிலிருந்து இறக்க மாட்டேன் என்று நின்றுவிட்டாராம். தம்பிதான் ஏறிப் பாட வேண்டியிருந்தது. கீபோர்டுக்குப் பின்னால் அந்த அண்ணன் ஒட்ட வாரிய தலையும் மூக்குக்குக் கீழே சின்னச் சதுர மீசையுமாக, அசையாமல் கேமராவை முறைக்கிறார். சிஸ்டரின் அப்பா தொலைக்காட்சியை அணைக்க எழுந்தாராம். பெண் குறுக்கே போய் நின்றுவிட்டாள். அப்பா சொல்லை அவள் மீறியது அதுதான் முதல் தடவை.

சரி, அந்த இருபத்தொரு இரவு.

2008-இல் அவர்களுடைய இருபத்தொன்றாவது ஆல்பம் வரவிருந்தது. அதற்கு முன்பு வந்த இருபது ஆல்பங்களையும் இரவுக்கு ஒன்றாக, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, வந்த வரிசையிலேயே லண்டனில் மேடையேற்றுவது என்று முடிவு செய்தார்கள். கடைசி இரவில் புது ஆல்பம். மே நடுவில் தொடங்கி ஜூன் நடு வரைக்கும். 200-க்கும் மேற்பட்ட பாடல்கள். அவற்றில் பலவற்றை ஸ்டுடியோவை விட்டு வந்த பிறகு அவர்களே பாடியிருக்க மாட்டார்கள். பெரிய குழுக்கள் ஹிட் பாட்டு பதினைந்தைப் பொறுக்கி ஊர் ஊராகப் போகும். இவர்களோ தோற்ற ஆல்பம், ஓடாத ஆல்பம், விமர்சகர்கள் கிழித்த ஆல்பம் எல்லாவற்றையும் தூசி தட்டி, மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தார்கள். ரானுக்கு அப்போது வயது அறுபத்திரண்டு.

சிஸ்டர் அந்த மாதம் முழுக்க டியூட்டி மாற்றிக்கொண்டும், வருஷ லீவை உடைத்துப் போட்டும் ஒவ்வொரு இரவும் போனார். பதினைந்தாவது இரவுக்கு மட்டும் எனக்கும் ஒரு சீட்டு வாங்கியிருந்தார். ஏன் பதினைந்தாவது? மூன்றாவது இரவென்றால் அந்தப் புகழ்பெற்ற 1974 ஆல்பம். எட்டாவது இரவென்றால் இத்தாலிக்காரர் ஜியார்ஜியோ மொரோடருடன் சேர்ந்து 1979-இல் செய்தது. கிதாரைத் தூக்கிப் போட்டுவிட்டு முழுக்க சிந்தசைஸரில் போன ஆல்பம். பின்னால் வந்த எத்தனையோ இரட்டையர் குழுக்களுக்கு வழி போட்டுக் கொடுத்தது. புதிதாக வருகிற ஒருத்தியை அந்த இரவுகளுக்குத்தானே கூட்டிப்போக வேண்டும்?

"அதுக்கு எல்லாரும் வருவாங்க. இதுக்கு யார் வர்றாங்கன்னு நீ பாக்கணும்" என்றார்.

பதினைந்தாவது ஆல்பம் 1988-இல் வந்தது. வீட்டிலேயே போட்ட ஸ்டுடியோவில் செய்தது. அதற்குப் பிறகு ஆறு வருஷம் அவர்களிடமிருந்து ஆல்பமே இல்லை. ஜப்பானிய காமிக்ஸ் ஒன்றை இசைப்படமாக்குவதற்காக வருஷக்கணக்கில் உழைத்தார்கள், டிம் பர்ட்டன் இயக்குவதாகப் பேச்சு. படம் எடுக்கப்படவே இல்லை. ஆக அந்த 1988 ஆல்பம், ரசிகர்களைப் பொறுத்தவரை, ஒரு நீண்ட இருட்டுக்கு முன்னால் எரிந்த கடைசி விளக்கு. ரெக்கார்டு கடைகளில் தள்ளுபடிப் பெட்டியில் கிடந்ததாம்.

இஸ்லிங்டனில் ஒரு ஷாப்பிங் வளாகத்துக்குள் இருந்த அரங்கு அது. உட்கார இடமில்லை, எல்லோரும் நிற்க வேண்டும். எனக்குக் கால் வலி பழகினதுதான். பக்கத்தில் ஜப்பானிலிருந்து வந்திருந்த இரண்டு பெண்கள். முன்னால் வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் தன் பதினாறு வயது மகனோடு. ஒரு சிலர் மூக்குக்குக் கீழே மை பென்சிலால் மீசை வரைந்திருந்தார்கள், பெண்களும்தான். பதினான்கு இரவுகளாக ஒரே இடத்தில் ஒரே ஆட்கள் நின்றுகொண்டிருந்ததால் கோயில் கொடை நடக்கும் பத்து நாளில் பந்தலடியில் வருமே, அந்த மாதிரி ஒரு நெருக்கம் வந்திருந்தது. நேற்று வராதவரை இன்று விசாரிக்கிறார்கள். ஒருவர் சிஸ்டருக்குத் தொண்டைக்கு மிட்டாய் கொடுத்தார்.

விளக்கு அணைந்தது. ரான் வந்து உட்கார்ந்தார். அவருடைய ரோலண்ட் கீபோர்டில் கம்பெனிப் பெயரின் எழுத்துகளை இடம் மாற்றி 'ரொனால்ட்' என்று வைத்திருப்பார், அதுதான் அவர் முழுப் பெயர். முதல் வரிக்கு ரஸல் வாயைத் திறந்ததும் என்னைச் சுற்றி இருந்த அத்தனை பேரும் சேர்ந்து பாடினார்கள். நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். தள்ளுபடிப் பெட்டியில் கிடந்த ஆல்பத்தின் மூன்றாவது பாட்டு, நாலாவது பாட்டு, ஒருவருக்கும் ஒரு வார்த்தை தடுக்கவில்லை. இருபது வருஷம் தனித்தனியாக அவரவர் வீட்டு அறையில் பாடிக்கொண்டிருந்தவர்கள், இந்தப் பாட்டு இன்னொருவருக்கும் தெரியும் என்று அன்றைக்குத்தான் கண்டுகொண்டார்கள். ரஸல் ஒரு கட்டத்தில் மைக்கைத் தாழ்த்திவிட்டுக் கேட்டுக்கொண்டே நின்றார். சிஸ்டர் அழுதார். ஒரு வரிகூடத் தெரியாத நானும் அழுதேன்.

அப்புறம் நானாகவே ஒவ்வொரு ஆல்பமாகத் தேடிக் கேட்டேன். எல்லாமே பிடித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். 1977-இல் வந்தது எனக்கு இன்றைக்கும் ஒட்டவில்லை. வழக்கமான அமெரிக்கப் பாப் இசைக்குள் அவர்கள் தங்களை மடக்கி வைத்தது போல இருக்கும். சிஸ்டரோடு இதற்காகச் சண்டையே போட்டிருக்கிறேன்.

என்னைப் பிடித்து நிறுத்தியது 2002-இல் வந்த பத்தொன்பதாவது ஆல்பம், 'லில் பேத்தோவன்'. ஐம்பதைத் தாண்டிய இரண்டு பேர், அதுவரை செய்ததை எல்லாம் ஒதுக்கிவிட்டு, வயலின் அடுக்குகளும் கூட்டுக்குரலும் மட்டும் வைத்து, ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு புது இசைக்குப் போனார்கள். அதில் ஒரு பாட்டு. 'என் அன்பு என்னை வீட்டுக்குக் கூட்டிப்போகிறது' என்கிற அர்த்தத்தில் ஒரு வரி, நூறு தடவைக்கு மேல் வரும். நடுவில் கொஞ்சம் பேச்சு, மற்றபடி அதே வரிதான். முதல் பத்து தடவை என்னடா இது என்று இருக்கும். முப்பதாவது தடவை பழகும். அறுபதைத் தாண்டும்போது என்னவோ ஆகும். நைட் டியூட்டி முடிந்து காலை ஏழரை மணி பஸ்ஸில் மாடியில் முன் சீட்டில் உட்கார்ந்து அதைக் கேட்பேன். அன்றைக்கு டிஸ்சார்ஜ் ஆகப் போகிறவர்கள், மனைவி கோட்டை மாட்டிவிடக் கையை நீட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கும் கிழவர்கள், இனி போகவே மாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்த சிலர், ஊரில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் என்னை ஏற்றிவிட்ட அப்பா, எல்லோரும் அந்த ஒற்றை வரிக்குள் வந்து போவார்கள். சொல்லைக் கூட்டாமலே ஒரு பாட்டு இவ்வளவு செய்யும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

அம்மாவிடம் ஃபோனில் ஒருமுறை இவர்களைப் பற்றிச் சொன்னேன். பாட்டைப் பற்றி அம்மா ஒன்றும் கேட்கவில்லை. "மக்களே, அண்ணனும் தம்பியும் இத்தன வருசமா ஒண்ணாவே தொழில் பண்ணுகாவ, சண்ட ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டாள். எங்கள் வீட்டில் பெரியப்பாவும் அப்பாவும் ஒரு கடையைப் பிரித்த கதை அவளுக்குள் கிடக்கிறது. எனக்கும் அந்தக் கேள்விதான் பெரிதாகப் படுகிறது. மேல் சகோதரர்களின் அப்பா பத்திரிகையில் படம் வரைபவர். ரானுக்குப் பதினொன்று, ரஸலுக்கு எட்டு வயதில் இறந்துபோனார். நூலகத்தில் வேலை பார்த்த அம்மா இரண்டு பிள்ளைகளையும் காரில் ஏற்றி லாஸ் வேகாஸ் வரை ஓட்டிப்போய் பீட்டில்ஸ் கச்சேரி காட்டியிருக்கிறார். அந்தக் காரிலிருந்து அவர்கள் இன்னும் இறங்கவில்லை என்று நினைத்துக்கொள்வேன். ரசிகர்களாகிய நாங்கள் பின் சீட்டில்.

2021-இல் இயக்குநர் எட்கர் ரைட் அவர்களைப் பற்றி எடுத்த ஆவணப்படம் வந்தது. அதே வருஷம் அவர்கள் கதையும் இசையும் எழுதிய 'அனெட்' கான் திரைப்பட விழாவின் தொடக்கப் படமானது. லியோஸ் காரக்ஸுக்குச் சிறந்த இயக்குநர் விருது. அடுத்த வருஷம் இசைக்காக இவர்களுக்கு பிரான்ஸின் சீசர் திரைப்பட விருது. ஜப்பானிய காமிக்ஸ் படம் கைவிட்டுப்போன கதை தெரிந்தவர்களுக்கு அந்த வருஷம் எப்படி இருந்திருக்கும்! கொரோனா வார்டில் முகமூடித் தழும்போடு நான் வீடு திரும்பிய நாட்கள் அவை. சிஸ்டர் ஓய்வுபெற்றுக் கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போய்விட்டிருந்தார். ஒரே நேரத்தில் ஆவணப்படத்தை ஓடவிட்டு, ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தோம்.

2023 மே மாதம் ராயல் ஆல்பர்ட் ஹால். இரண்டு நாள் கச்சேரியில் ஒரு நாளுக்கு இருவரும் போனோம். புது ஆல்பம் அந்த வாரம்தான் வந்திருந்தது. தலைப்புப் பாட்டின் வீடியோவில் மஞ்சள் கோட் சூட்டும் ஹெட்ஃபோனுமாக நடிகை கேட் பிளான்செட் ஆடியிருப்பார். ஜூனில் கிளாஸ்டன்பரி இசைவிழா மேடையிலும் நேரில் வந்து ஆடினார். ஆல்பர்ட் ஹாலில் என்னைச் சுற்றிப் பார்த்தேன். 2008-இல் நான் பார்த்த தலைகள் நரைத்திருந்தன. ஆனால் இருபது வயதுப் பிள்ளைகள் வரிசை வரிசையாக இருந்தார்கள். அவர்களும் புதுப் பாட்டுக்குக் கத்தினார்கள், 1974 பாட்டுக்கும் கத்தினார்கள், இரண்டுக்கும் நடுவே ஒரு வித்தியாசமும் காட்டவில்லை. பழைய நினைவுக்காக வருகிற கூட்டம் புதுப் பாட்டு வந்தால் டாய்லெட்டுக்குப் போகும். இங்கே ஒருவரும் நகரவில்லை.

பிறகு 1979 ஆல்பத்தின் பாட்டு ஒன்று வந்தது. அது வந்தால் அடுத்து என்ன என்று எல்லோருக்கும் தெரியும். ரான் கீபோர்டை விட்டு எழுந்து மேடையின் நடுவுக்கு நடந்து வந்தார். எழுபத்தேழு வயது. அதுவரை இறுகிக் கிடந்த முகம் பல்லெல்லாம் தெரியச் சிரித்தது. கைகளை வீசி, கால்களைத் தேய்த்துத் தேய்த்து ஒரு ஆட்டம், சில வினாடிகள்தான். சட்டென்று நிறுத்தி, முகத்தைப் பழையபடி மூடிக்கொண்டு, நடந்து போய் உட்கார்ந்துவிட்டார். முழங்காலில் அறுவை செய்துகொண்ட சிஸ்டர் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார். வருஷக்கணக்காக எத்தனையோ தடவை பார்த்த ஆட்டம். "பாத்தியா, பாத்தியா" என்று என்னை உலுக்குகிறார், நான் ஏதோ பார்க்காததைப் போல.

போன வருஷம், 2025 மே மாதம், 'மேட்!' ஆல்பம் வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் மருந்து டிராலியைத் தள்ளிக்கொண்டு போகும்போது பாக்கெட்டில் ஃபோன் அதிர்ந்தது. ரவுண்டு முடித்த பிறகுதான் எடுத்துப் பார்த்தேன். பிரிட்டிஷ் ஆல்பம் தரவரிசையில் இரண்டாம் இடம். இத்தனை வருஷத்தில் அவர்களுடைய எந்த ஆல்பமும் அவ்வளவு மேலே போனதில்லை. சிஸ்டர் எழுதியிருந்தது இரண்டே வரி: "மறுபடியும் இரண்டு. ஐம்பத்தொரு வருஷம் கழித்து மறுபடியும் இரண்டு!" கீழே ஒரு படம். 1988-இல் வாங்கிய அந்தப் பதினைந்தாவது ஆல்பத்தின் இசைத்தட்டு, தள்ளுபடி விலை ஸ்டிக்கரோடு, அவர் சமையலறை மேஜைமேல்.

அதை எனக்கு அனுப்பி வைக்கப்போவதாகச் சொன்னார். வேண்டாம், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன், உங்கள் பிளேயரில் ஒரு தடவை சேர்ந்து கேட்டுவிட்டு எடுத்து வருகிறேன் என்றேன். போனேன். முதல் பக்கம் முழுக்கக் கேட்டோம். தட்டைத் திருப்பிப் போட எழுந்தபோதுதான் பார்த்தேன், இந்த முறை ஒவ்வொரு வரியும் எனக்கும் வந்துகொண்டிருந்தது.