பழைய ஆர்எக்ஸ் 580-ஐ மறுபடி வேலைக்கு அமர்த்துதல்

2017 ஏப்ரலில் வந்த ஏஎம்டி கிராஃபிக்ஸ் கார்டான ஆர்எக்ஸ் 580-ஐ இன்றைய லினக்ஸ் கணினியில் செருகினால் திரை வரும், கேம் ஓடும், வீடியோவும் ஓடும். ஜிபியுவில் கணக்குப் போட ஏஎம்டி தரும் ஆர்ஓசிஎம் தொகுப்பை நிறுவி, ஏஐ நூலகமான பைடார்ச்சைத் தொட்டதும்தான், இந்த ஜிபியுவுக்கு பைனரி இல்லை என்ற பிழை வந்து நிற்கும். உடனே எல்லோரும் டிரைவரைத் திட்டுவார்கள். அதன் மேல் தப்பில்லை. கெர்னலில் இருக்கும் ஏஎம்டிஜிபியு டிரைவர், 580-இன் சிப் குடும்பமான போலாரிஸை இன்னும் கைவிடவில்லை.

சிக்கல் இருப்பது அதற்கு மேல் தளத்தில். ஆர்ஓசிஎம்மின் ராக்பிளாஸ் போன்ற கணித நூலகங்கள் ஒவ்வொரு சிப்புக்கும் தனித்தனியாக, அதனதன் இயந்திர மொழியிலேயே முன்கூட்டி கம்பைல் செய்யப்பட்டு வருகின்றன. போலாரிஸின் உள்பெயர் ஜிஎஃப்எக்ஸ்803. அந்தப் பெயரைக் கட்டுமானப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் தொகுப்பில் அதற்கான கோப்பே இருக்காது. எச்எஸ்ஏ ஓவர்ரைடு என்ற சூழல் மாறியில் வேறொரு சிப்பின் எண்ணான 10.3.0 என்று போட்டு ஏமாற்றும் வித்தை ஆர்எக்ஸ் 6600-க்குப் பலிப்பதற்குக் காரணம், அந்தக் குடும்பத்தில் அண்ணன் தம்பிகளின் கட்டளைத் தொகுதி ஒன்றாக இருப்பதுதான். போலாரிஸுக்கு அடுத்த வீட்டுக்காரரான வேகா என்ற சிப் குடும்பத்தின் மொழியே வேறு. பெயரை மாற்றிச் சொன்னால் கார்டு தொங்கிப்போகும். ராக்பிளாஸை மூலத்திலிருந்து நாமே கட்டலாம்தான். மணிக்கணக்கில் ஓடும், அடுத்த பதிப்பு வந்ததும் மறுபடி முதலிலிருந்து. வேலை நடக்க வேண்டிய இடத்தில் அந்தப் பாதை வேண்டாம்.

கைகொடுப்பது மெசா என்ற திறந்த மூல கிராஃபிக்ஸ் டிரைவர் தொகுப்பு. ஜிபியுவிடம் வேலை வாங்க அது தரும் இரண்டு இடைமுகங்களான வல்கனிலும், ரஸ்டிகல் என்ற அதன் பகுதி வழியாக வரும் ஓபன்சிஎல்லிலும், நிரல் சிப்புக்கான மொழியில் வருவதில்லை. ஓடப்போகும் கணினியிலேயே, ஓடும் நேரத்தில், டிரைவர் அதை மொழிபெயர்த்துக்கொள்கிறது. பழைய மதர்போர்டு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு. போலாரிஸில் ஆர்ஓசிஎம் ஓட ஸ்லாட்டில் பிசிஐஇ அட்டாமிக்ஸ் என்ற வசதி வேண்டும். இல்லையென்றால் கெர்னல் பதிவில் ‘சாதனம் தவிர்க்கப்பட்டது’ என்று ஒரு வரி மட்டும் விழும். மெசா வழிக்கு அது தேவையில்லை.

ரஸ்டிகல் 2022 இறுதியில் வந்த மெசா 22.3-இல் சேர்ந்தது, ரேடியான் கார்டுகளுக்கான ஆதரவு அதற்குப் பிறகுதான் வந்தது. நிறுவிய பிறகும், ஓபன்சிஎல் சாதனங்களைப் பட்டியலிடும் சிஎல்இன்ஃபோ பூஜ்யம் சாதனம் என்று காட்டினால் பதற வேண்டாம். ரஸ்டிகல் எனேபிள் என்ற சூழல் மாறியில், இந்தக் கார்டுக்கான மெசா டிரைவரின் பெயரான ரேடியான்எஸ்ஐ என்று எழுத வேண்டும். எழுதியும் வரவில்லையென்றால் பயனர், ஜிபியுவைத் தொட அனுமதி தரும் ரெண்டர் குழுவில் இருக்கிறாரா என்று பாருங்கள். கணினி முன் உட்கார்ந்தால் ஓடுகிறது, எஸ்எஸ்எச் வழியாக வந்தால் ஓடவில்லை என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். வல்கனில் இதே கோளாறு இன்னும் நயவஞ்சகமானது. அனுமதி இல்லாவிட்டால் எல்எல்விஎம்பைப் என்ற மென்பொருள் டிரைவர் முன்வந்து எல்லாவற்றையும் சிபியுவில் செய்துகொண்டிருக்கும், பிழையே வராது. வல்கன்இன்ஃபோவில் ராட்வி (மெசாவின் வல்கன் டிரைவர்) போலாரிஸ்10 என்ற பெயரைக் கண்ணால் பார்த்த பிறகே மேலே போக வேண்டும்.

மொழி மாதிரிகளுக்கு, அவற்றை நம் கணினியிலேயே ஓட்டும் லாமா.சிபிபியை வல்கன் வசதியோடு கட்டினால் போதும். கணக்கு முழுக்க நினைவகத்தில்தான். லாமா 3.1-இன் 8 பில்லியன் மாதிரி, 4 பிட் கியூ4-கே-எம் வடிவில் சுமார் 4.9 ஜிபி. உரையாடல் நினைவு ஒரு டோக்கனுக்கு 128 கேபி, ஆக 8,192 டோக்கனுக்கு 1 ஜிபி. இடைக்கணக்குக்கான இடத்தையும் சேர்த்து 8 ஜிபி கார்டில் தாராளமாக அமரும். ஆசைப்பட்டு 32,768 என்று வைத்தால் அந்த 1 ஜிபி 4 ஆகிவிடும். மிஞ்சியது கணினியின் ரேமுக்கு வழியும், பிசிஐஇ வழியாக ஊர்ந்து வரும். கார்டு செத்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். வேகத்தின் உச்சவரம்பையும் முன்பே சொல்லிவிடலாம். ஒவ்வொரு டோக்கனுக்கும் 4.9 ஜிபியையும் படித்தாக வேண்டும், கார்டின் நினைவக வேகமோ நொடிக்கு 256 ஜிபி. நொடிக்கு 52 டோக்கனுக்கு மேல் போகவே முடியாது, நடைமுறையில் அதைவிடக் குறைவுதான்.

பிளெண்டருக்காக இந்தக் கார்டை வாங்க நினைப்பவர்கள் வாங்காதீர்கள். அதன் ரெண்டரிங் எஞ்சினான சைக்கிள்ஸ் 3.0 பதிப்பிலேயே ஓபன்சிஎல்லை நீக்கிவிட்டது. புகைப்படங்களைத் திருத்தும் டார்க்டேபிளுக்கு நன்றாகப் பயன்படும்.

செகண்ட்ஹேண்டில் வருவதில் பல, கிரிப்டோ மைனிங்கில் உழைத்த கார்டுகள். நினைவக டைமிங்கைத் திருத்திய பயாஸ் அதில் இருக்கலாம். மைனிங்கில் ஒரு கணக்கு பிழைத்தால் அனுப்பிய ஒரு விடை (ஷேர்) நிராகரிக்கப்படும், அவ்வளவுதான். நம் வேலையிலோ தவறான விடை சத்தமில்லாமல் கோப்பில் போய் உட்காரும். இரட்டை பயாஸ் கார்டென்றால் சுவிட்சைத் தள்ளி மற்றதில் துவக்கிப் பாருங்கள். பிறகு, கார்டின் நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் வல்கனை ஒரு மணி நேரமாவது, கார்டு நன்றாகச் சூடான பிறகும், ஓட விடுங்கள். கம்ப்யூட் யூனிட் 36-க்குப் பதில் 32 என்று வந்தால் அது 2048எஸ்பி என்ற வகை, 580 பெயரில் விற்ற 570. விலை பேசும்போதே கேட்டுக்கொள்ள வேண்டிய விஷயம்.