ஜி-யின் இரண்டாம் தசமம்

இணையத்தில் 'பெண்டுலம்' என்று தேடினால் முதலில் வந்து நிற்பவை, பளிங்குக்கல் கோத்த சங்கிலிகள்தான். கல்யாணம் கூடுமா, வேலை கிடைக்குமா என்று கேட்டுவிட்டுத் தொங்கவிட வேண்டுமாம். வட்டமிட்டால் ஆமாம், குறுக்கே ஆடினால் இல்லை. கிணறு வெட்டுமுன் நீரோட்டம் பார்க்க வருபவர்களிலும் சிலர் நூலில் குண்டு கட்டிக்கொண்டு வயலில் நடப்பதுண்டு.

இதற்கு விளக்கத்தைப் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரூல், 1833-இல் இயற்பியலாளர் ஆம்பியருக்கு எழுதிய கடிதத்திலேயே சொல்லிவிட்டார். பாதரசத்துக்கு மேலே பிடித்த ஊசல் தம் கையில் ஆடியதைக் கண்டு அவரும் முதலில் வியந்தவர்தான். கையை ஊன்றிக்கொண்டதும் ஆட்டம் குறைந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டதும் கீழே பாதரசம் இருக்கிறதா இல்லையா என்று ஊசலுக்குத் தெரியவில்லை. மனம் எதிர்பார்ப்பதை விரல் தானறியாமல் செய்துவிடுகிறது. அந்தச் சங்கதியை இத்தோடு விட்டுவிடுகிறேன். வாங்குபவர்கள் வாங்கட்டும், விலைதான் அநியாயம்.

நான் நாகர்கோவில் பக்கம் இயற்பியல் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் ஊசலுக்குப் பித்தளைக் குண்டு, நூல், பிளந்த தக்கை, ஒரு ஸ்டாண்டு போதும். இருபது அலைவு எண்ணி நேரம் குறித்து, நீளத்தை மாற்றி மறுபடி எண்ணி, அதிலிருந்து ஜி எனப்படும் புவியீர்ப்பு முடுக்கத்தை, அதாவது விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு விநாடியும் எவ்வளவு கூடுகிறது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பிள்ளைகள் விடையாக 9.8 என்று முதலில் எழுதிவிட்டு, அதற்கேற்ற அளவீடுகளைப் பின்னாலிருந்து நிரப்புவார்கள். பத்தொன்பது அலைவை இருபது என்று எண்ணினாலே 10.8 வந்துவிடும், அதை அப்படியே கொண்டுவந்து காட்ட யாருக்கும் துணிவு இருப்பதில்லை. எனக்குப் பிடித்தவர்கள் துணிந்து காட்டியவர்கள்தான்.

சொல்லப்போனால் எங்கள் ஊரில் அது 9.78; லண்டனில் 9.81. எங்கள் நிறுத்துகடிகாரத்துக்கு இந்த வித்தியாசம் எட்டாது. ஆனால் ஊசலின் உண்மையான உழைப்பெல்லாம் இந்த இரண்டாம் தசமத்திலும் அதற்கு அப்பாலும்தான் நடந்திருக்கிறது.

டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் 1656-இல் ஊசல் கடிகாரத்தை உருவாக்கினார். 1672-இல் ழான் ரிஷே என்ற வானியலாளர் பாரிசிலிருந்து தென் அமெரிக்காவில் நிலநடுக்கோட்டுக்கு அருகே உள்ள கயேனுக்குப் போனார். அங்கே அவருடைய கடிகாரம் நாளுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. ஊசலைச் சற்றுக் குறுக்கித்தான் சரிசெய்ய முடிந்தது. கடிகாரத்தில் பழுதில்லை, அந்த இடத்தில் ஈர்ப்பு குறைவு. பூமி நடுவில் பருத்தும் துருவங்களில் தட்டையாகவும் இருக்கிறது என்று வாதிட நியூட்டனுக்கு இது கை கொடுத்தது. லண்டனில் சரியாக ஓடும் கடிகாரத்தைச் சென்னைக்குக் கொண்டுவந்தாலும் நாளுக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகமாகவே பின்தங்கும். விநாடிக்கு ஒருமுறை அடிக்கும் ஊசல் அங்கே இருப்பதைவிட இங்கே சுமார் 3 மில்லிமீட்டர் குட்டை.

சென்னை என்று சும்மா சொல்லவில்லை. துல்லியமாக ஈர்ப்பை அளக்கும் ஊசலை 1817-இல் வடிவமைத்த ஹென்றி கேட்டர், இளம் வயதில் நில அளவையாளர் லாம்டனோடு இங்கே நில அளவைப் பணியில் இருந்தவர். 1821-இல் நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் ஊசலை ஆடவிட்டு அளந்தவர் கோல்டிங்ஹாம். இன்று ராஜாஜி அரங்கம் என்று அழைக்கப்படும் கட்டடத்தை வடிவமைத்தவரும் அவரேதான். அந்தக் காலத்து வானியலாளருக்கு ஒரு வேலை போதாது போலும்!

அளந்த விதம்தான் எனக்கு இன்றும் அலுக்காதது. நட்சத்திரங்களைப் பார்த்துச் சரிபார்த்த கடிகாரத்தின் முன்னால் சோதனை ஊசலைத் தொங்கவிடுவார்கள். இரண்டின் வேகமும் ஏறக்குறைய ஒன்று என்பதால், ஒன்று மெல்ல மெல்லப் பின்தங்கும். இரண்டும் ஒரே கணத்தில், ஒரே திசையில் நடுக்கோட்டைக் கடக்கும் நேரத்தைத் தொலைநோக்கியில் பார்த்துக் குறிக்க வேண்டும். அடுத்த முறை அப்படிச் சேரும்வரை காத்திருக்க வேண்டும். இடையில் 500 விநாடி ஆனால், கடிகாரம் 500 அடிக்கும்போது சோதனை ஊசல் 498 அடித்திருக்கிறது; போய்த் திரும்பும் ஒரு முழு அலைவு, அதாவது இரண்டு அடி, பின்தங்கினால்தான் மறுபடி ஒரே திசையில் சேரும். சேரும் கணத்தைக் குறிப்பதில் ஒரு விநாடி பிசகினாலும் கணக்கிட்ட அலைவு நேரம் லட்சத்தில் ஒரு பங்குகூட மாறாது. மின்னணுக் கருவி எதுவும் இல்லாமல், வெறும் கண்ணாலும் பொறுமையாலும் எட்டிய துல்லியம் இது.

1865-இல் கேப்டன் பேசவி, ராயல் சொசைட்டியின் இரண்டு பித்தளை ஊசல்களோடு இந்திய நில அளவையின் சார்பில் புறப்பட்டார். காற்றின் தடை தெரியாதிருக்க ஊசலை வெற்றிடக் கலத்துக்குள் ஆடவிட்டார். பித்தளை வெயிலில் நீளும் என்பதால் வெப்பநிலையையும் விடாமல் குறிக்க வேண்டியிருந்தது. அவருடைய தென்கோடி நிலையங்களில் ஒன்று எங்கள் குமரி முனைக்கு அருகில். அங்கிருந்து கடல் தாண்டி, ஏறக்குறைய அதே அட்சரேகையில் இருக்கும் மினிக்காய் தீவுக்கும் போய் அளந்தார். சுற்றிலும் தண்ணீர்தான், நிலம் துளி. ஈர்ப்பு குறையும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கரையில் இருந்ததைவிடத் தீவில் அதிகமாக இருந்தது. லடாக்கில் அத்தனை பெரிய மலைகளுக்கு நடுவே அளந்தபோதோ, அந்த மலைகளின் நிறையைக் கணக்கில் சேர்த்தால் வரவேண்டியதைவிடக் குறைவாக இருந்தது. மலைக்கு அடியில் பாறை லேசானது, கடலுக்கு அடியில் கனமானது என்று பிராட், ஏரி (Airy) என்ற இரண்டு ஆங்கிலேய அறிஞர்கள் 1850-களில் சொன்ன ஊகத்துக்கு இப்படித்தான் ஓர் அளவீடு கிடைத்தது.

பேசவி 1871 ஜூலையில் லடாக்கிலேயே, அளவைப் பணியின் நடுவில் இறந்தார். குளிரும் உயரமும் உடம்பு தாங்கவில்லை. எஞ்சிய வேலையை ஹெவிசைட் என்ற இன்னொரு அதிகாரி எடுத்து முடித்தார். பிறகு இங்கிலாந்தில் கியூ ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் அதே ஊசல்களை மறுபடி ஆடவிட்டார்கள். இத்தனை ஆண்டு வண்டியிலும் கப்பலிலும் அலைந்ததில் பித்தளை தேய்ந்தோ வளைந்தோ போயிருந்தால் குமரி முதல் லடாக் வரை எழுதிய எண்கள் அத்தனையும் வீண் அல்லவா?