ஏழு நாட்டு நட்டு

ஜனவரி 15, 2015. கானோ, நைஜீரியா

பொங்கல். குக்கரில்தான் பொங்கியது. ஹார்மாட்டான் காற்று ஓயவில்லை. காலையில் துடைத்த மேசையில் மதியம் விரலால் பெயர் எழுதலாம். கம்ப்ரசர் வடிகட்டியை இந்த வாரத்தில் மூன்றாவது முறையாக ஊதிச் சுத்தம் செய்தோம்.

ஜனவரி 18

மாலம் இன்று கைப்பேசியில் ஒரு படம் காட்டினார். டாங்கியின் மேல் உட்கார்ந்து ஒல்லியாக ஓர் இளைஞன் சிரிக்கிறான். “கனே” என்றார். ஹவுசாவில் தம்பிக்குத் தனிச் சொல் உண்டு, நம்மைப் போல. இத்தனை நாள் ஓட்டுநராக இருக்கிறார், தம்பி ராணுவத்தில் இருப்பதை இன்றுதான் சொல்கிறார். வடகிழக்கில், மொங்குனோவில் இருக்கிறானாம்.

நான் பையனைப் பார்க்கவில்லை, சக்கரங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பக்கத்துக்கு ஆறு. மேலே மூன்று உருளை. இந்த உடம்பை எனக்குத் தெரியும். ஆவடி டாங்கித் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் அப்பாவின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த விஜயந்தா டாங்கியின் படம் இதேதான். கோபுரம் மட்டும் வேறு.

இரவு அப்பாவை அழைத்தேன். “விக்கர்ஸ் மூன்றாம் மார்க்காக இருக்கும்” என்றார் உடனே. நைஜீரியா 1981இல் 36 வாங்கியதாம், பிறகும் வாங்கியதாம். இங்கே அதற்குப் பெயர் ஈகிள். நம்மூரில் போட்டது எல் 60 எஞ்சின், 535 குதிரைத் திறன், ஆறு சிலிண்டருக்குள் பன்னிரண்டு பிஸ்டன். இதில் அமெரிக்க டெட்ராய்ட், 720. “பாக்கியசாலிகள்” என்றார். எண்பதை நெருங்கும் மனிதருக்கு இன்னும் எல் 60 மீது கோபம் ஆறவில்லை.

ஜனவரி 25

மொங்குனோ போக்கோ ஹராம் தீவிரவாதிகளிடம் விழுந்துவிட்டது. விடிகாலையில் மாநிலத் தலைநகர் மைதுகுரியையும் தாக்கியிருக்கிறார்கள். அங்கே தாக்குப்பிடித்துவிட்டது ராணுவம். மொங்குனோவில் முடியவில்லை. பிபிசி ஹவுசா ஒலிபரப்பு முடிந்த பிறகும் மாலம் வானொலியை அணைக்கவில்லை. கரகரவென்று இரைந்துகொண்டே கிடந்தது.

தம்பியின் எண் அணைக்கப்பட்டிருக்கிறது.

ஜனவரி 27

அழைப்பு இல்லை.

ஜனவரி 28

இல்லை. மாலம் இன்று இரண்டு முறை தவறான கேட்டுக்குள் வண்டியைத் திருப்பினார். நான் எதுவும் சொல்லவில்லை.

ஜனவரி 30

தூக்கம் வராமல் இந்த நாட்டு ராணுவத்தின் வண்டிகளை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். விக்கர்ஸ், ஸ்கார்ப்பியன்: பிரிட்டன். டி 55: சோவியத். ஸ்டெயர்: ஆஸ்திரியா. பிரானா: சுவிட்சர்லாந்து. பான்ஹார்ட்: பிரான்ஸ். கோப்ரா: துருக்கி. பிடிஆர் 3: உக்ரைன். அணிவகுப்பில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். பராமரிப்பு வேலை பார்க்கிறவனுக்கு வயிற்றைக் கலக்குகிறது. என் ஒரே தொழிற்சாலையில் மூன்று நாட்டு இயந்திரங்களை வைத்துக்கொண்டு நான் படும் பாடு எனக்குத் தெரியும். விக்கர்ஸில் நட்டுகள் அங்குலக் கணக்கு, ரஷ்ய வண்டியில் மில்லிமீட்டர். ஒன்றின் ஸ்பானர் மற்றொன்றில் வழுக்கும். பெல்ட், வடிகட்டி, சீல், எதுவும் எதற்கும் சேராது.

குண்டும் அப்படித்தான். விக்கர்ஸுக்கு 105 மில்லிமீட்டர், டி 55க்கு 100, பான்ஹார்டுக்கு 90, ஸ்கார்ப்பியனுக்கு 76. பக்கத்து வண்டியில் குண்டு மீதமிருந்தாலும் கடன் வாங்க முடியாது. துப்பாக்கியில் இன்னும் வேடிக்கை. பெல்ஜியத்து எஃப்.என். துப்பாக்கியும் 7.62, ஏ.கே.யும் 7.62. எண்தான் ஒன்று. அதன் தோட்டா 51 மில்லிமீட்டர் நீளக் கூட்டில் வரும், இதன் தோட்டா 39. தப்பான பெட்டியை லாரியில் ஏற்றி அனுப்பினால் முன்னணியில் திறப்பவன் என்ன செய்வான்? கடுனா ஆயுதத் தொழிற்சாலையில் இரண்டு வகையும் செய்திருக்கிறார்கள். அங்கே ஸ்டோரில் இருப்பவர் நல்ல கண்ணாடி போட்டிருக்க வேண்டும்.

எத்தனை டாங்கி இருக்கிறது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். காலையில் எத்தனை ஸ்டார்ட் ஆகின்றன என்று ஒருவரும் எழுதுவதில்லை.

பிப்ரவரி 2

வந்தது! மைதுகுரியிலிருந்து, யாருடைய எண்ணிலிருந்தோ. ஒரு நிமிடம்கூட இல்லை. உயிரோடு இருக்கிறான். வண்டியை விட்டுவிட்டு நடந்தே வந்தார்களாம். மாலம் பார்க்கிங்கில், என் காருக்குப் பக்கத்தில், துண்டை விரித்துத் தொழுதார்.

பிப்ரவரி 4

அப்பாவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “எண்ணெயை இறக்கினானா, தம்பி?”

எனக்குப் புரியவில்லை. விட்டுவிட்டு வரும் வண்டியில் எஞ்சின் எண்ணெயை வடித்துவிட்டு ஓடவிட வேண்டும், சற்று நேரத்தில் இறுகிச் செத்துவிடும், எதிரிக்குப் பயன்படாது என்றார். வாழ்நாளெல்லாம் ஒரு சொட்டு எண்ணெய் சிந்தினாலும் திட்டிய மனிதர்.

இதை நான் மாலத்திடம் எப்படிக் கேட்பது?

பிப்ரவரி 5

கேட்கவில்லை.

பிப்ரவரி 8

நேற்றிரவு தேர்தலைத் தள்ளிவைத்துவிட்டார்கள். 14ஆம் தேதி இருந்தது 28 மார்ச்சுக்குப் போய்விட்டது. வடகிழக்கில் ஆறு வாரம் நடவடிக்கையாம், வாக்குச்சாவடிக்குப் படை தர முடியாதாம். ஆறு வருடத்தில் முடியாதது ஆறு வாரத்தில் முடியுமா என்று கேன்டீனில் சிரிக்கிறார்கள். ஊர் டிக்கெட் மறுபடியும் தள்ளிப்போகிறது. வீட்டில் அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

பிப்ரவரி 11

மாலம் சிரிக்கவில்லை. அவருடைய கவலை வேறு என்று இன்றுதான் பிடிபட்டது. டிசம்பர் 17ஆம் தேதி 54 சிப்பாய்களுக்கு ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. டம்போவா பக்கம் பிடிபட்ட ஊர்களை மீட்கப் போக மறுத்தார்கள் என்பது குற்றம். கையில் தேவையான ஆயுதம் இல்லை என்பது அவர்கள் தரப்பு. அந்தச் செய்தித் தாளை நாலாக மடித்து, காரின் கையுறைப் பெட்டியில், பதிவுச் சான்றிதழுக்கு அடியில் வைத்திருக்கிறார். போக மறுத்தவனுக்கு அது. விட்டுவிட்டு வந்தவனுக்கு?

“சாய் ஹக்குரி, ஓகா” என்றார். பொறுமைதான் வேண்டும், முதலாளி, என்கிறார். எனக்கு ஆறுதல் சொல்கிறார்!

பிப்ரவரி 12

டாலர் 200 நைராவைத் தாண்டியது. பேரிங் விலை கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 17

மொங்குனோவைத் திரும்பப் பிடித்துவிட்டார்கள், நேற்று. மீட்ட ஊரில் கைவிட்ட வண்டிகள் என்னவாயின? மாலம் கேட்பது தம்பியின் பெயர், நான் தேடுவது ஆறு சக்கரம். எனக்கே வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 24

பஸ் நிலையத்தில் குண்டு. நான் அந்த வழியாக வரவில்லை. வீட்டில் எல்லாருக்கும் சொல்லியாயிற்று. இன்று வேறு எதுவும் எழுத முடியாது.

மார்ச் 9

புதுச் சரக்கு வருகிறது. செக் நாட்டிலிருந்து டி 72. புதியது என்றால் இவர்களுக்குப் புதியது. பீரங்கி 125 மில்லிமீட்டர், ஆக என் தாளில் ஐந்தாவது அளவு. தென்னாப்பிரிக்காவிலிருந்து ரேவா, கண்ணிவெடி தாங்கும் வண்டி. கூடவே ஓட்டத் தெரிந்த ஆட்களும் வந்திருக்கிறார்கள். இந்த மூன்றாவது சரக்கு, அந்த ஆட்கள்தான், உருப்படியானது என்றார் அப்பா. பிறகு, “கேட்டாயா?” என்றார்.

மார்ச் 17

பாமா நகரமும் மீட்பு. தம்பியிடமிருந்து மூன்று வாரமாக ஒன்றும் இல்லை. மறுபடியும் வண்டியில் ஏற்றிவிட்டார்களா, உள்ளே வைத்திருக்கிறார்களா?

மார்ச் 21

கேட்டுவிட்டேன். சிக்னலில், முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே. எண்ணெய் இறக்குவது பற்றிச் சொன்னேன். மாலம் முழுவதும் கேட்டார். பச்சை விழுந்தது, பின்னால் ஹாரன் அடித்தார்கள், அவர் வண்டியை எடுக்கவில்லை.

“பதினைந்து நாளாக அவர்களுக்கு டீசல் வரவில்லை, ஓகா. அது நின்ற இடத்தில் நின்றது. எதை ஓடவிடுவது?”

அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை.

மார்ச் 28

வாக்குப்பதிவு. விரல் ரேகை பார்க்கும் கருவி ஜனாதிபதியின் விரலையே படிக்கவில்லையாம். தெருவில் சிரிப்பு. வெயிலில் வரிசை அசையாமல் நிற்கிறது. நான்கு மணி நேரம் நின்று வாக்களித்து வந்தார் மாலம். அவர் விரலைப் படித்துவிட்டதாம்.

மார்ச் 29

மாலம் மூன்று நாள் விடுப்பு கேட்டார். மைதுகுரி சாலை. வேண்டாம் என்றேன். சம்பளத்தில் முன்பணம் கேட்டார், கொடுத்தேன். கார்ச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

ஏப்ரல் 2

ஜெனரேட்டருக்கு டீசல் வடிகட்டி இரண்டு, விசிறி பெல்ட் ஒன்று. மாலம் வந்ததும் வாங்கிவரச் சொல்ல வேண்டும்.