பிபி பாக்கும்போதே பாதி பாத்துடுவோம்

"எனக்கு மனசு சரியில்ல"னு சொல்லிட்டு எங்க கடலூர்ல ஓபிக்கு வர்றவங்க ரொம்ப கம்மி. தலை பாரமா இருக்கு, நெஞ்சு படபடங்குது, ஒடம்பெல்லாம் எரியுதுனுதான் வருவாங்க, அதுவும் தேவனாம்பட்டினம் பக்கம் 2004 சுனாமிய பாத்த அக்காங்க சிலர் டிவில புயல் எச்சரிக்கைனு சொன்னாலே ராத்திரி தூங்கறதில்ல, ஆனா கேட்டா "ஒண்ணுமில்லம்மா, கேஸ் டிரபிள்"னு முடிச்சிடுவாங்க 😄

பிபி பட்டைய சுத்தறப்பவே நர்ஸுங்க நாங்க அவங்க மனசையும் கவனிக்க ஆரம்பிச்சிடுவோம். தலை சீவியிருக்காங்களா, கண்ணப் பாத்து பேசறாங்களா, பேச்சு வேகமா மெதுவா, இன்னிக்கு என்ன கிழமைனு தெரியுதா, நமக்குக் கேக்காத குரல் எதாச்சும் அவங்களுக்கு கேக்குதா. அப்புறம் தூக்கம், பசி. மனச்சோர்வு இருக்கானு பாக்க பிஎச்க்யூ-9னு ஒரு கேள்வித்தாள் இருக்கு, கடைசி 2 வாரத்த பத்தி 9 கேள்வி, மொத்தம் 27 மார்க், 10 வந்தாலே டாக்டர்கிட்ட அனுப்பிடுவோம். ஆனா வெறும் மார்க்க நம்ப முடியாதுங்க, பக்கத்துல மாமியார் நின்னா எல்லாத்துக்கும் "இல்ல"தான் பதில், அதனால மொதல்ல கூட வந்தவங்கள டீ குடிக்க அனுப்பிடணும்.

அந்த 9வது கேள்வி இருக்கே, செத்துடலாம்னு தோணுச்சாங்கறது, புதுசா வர்ற பிள்ளைங்க அத கேக்கவே தயங்குதுங்க, நாம கேட்டு அந்த எண்ணம் வந்துடுமோனு பயம். வராதுப்பா. நேரா கேளு. "ஆமா"னு சொன்னா எத்தன மார்க்குனு பாக்காத, தனியா விடாத, டாக்டர கூப்பிடு.

வீட்ல யாருக்காச்சும் தாங்க முடியலனா டெலி மானஸ்ங்கற அரசாங்க மனநல உதவி எண் 14416க்கு போன் போடுங்க, ராத்திரி பகல் எப்பவும் தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.